ஐந்தாவது பதிவு

பெங்களூரு
6.1.2025

அன்புள்ள ரீட்டா அக்காவுக்கு,

தம்பி ஆண்டனி ராஜ் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று ஊரில் கேட்பார்கள். எங்கள் மையத்தில் ‘இந்த நொடியில் எப்படி இருக்கிறாய்’ என்று கேட்போம். உன்னிடமும் அப்படியே கேட்கிறேன்.

போன் பண்ணாமல் கடிதம் போடுகிறானே என்று சிரிக்காதே. மனதைக் கவனிக்கும் எட்டு வாரப் பயிற்சி ஒன்றை நடத்துகிறோம். அதில் சேருகிறவர்கள் போனைப் பூட்டி வைத்துவிட்டு, செய்ததையும் உணர்ந்ததையும் கையால் எழுதி அனுப்ப வேண்டும். நானும் கையால்தான் பதில் எழுத வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி, மனம் செய்கிற வேலையில் இல்லாமல் வேறெங்கோ திரிகிறது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அப்படித் திரியும் மனம் சந்தோஷமாக இருப்பதில்லையாம். உன் மனம் எங்கே திரிகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இனியன் போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகப்போகிறது. நடந்ததை ஏற்பதுதான் முதல் படி என்பதால் மூடி மறைக்காமல் எழுதுகிறேன். கோயிலில் மத்தியான மணி அடித்தது. நீ எப்போதும்போல நின்ற இடத்திலேயே நின்று, கண்ணை மூடி, மூவேளை செபம் சொன்னாய். நாலு வயதுப் பிள்ளை, நீ செய்து கொடுத்த காகிதக் கப்பலோடு மோட்டார் ரூம் தொட்டிக்குப் போய்த் தண்ணீரில் விழுந்துவிட்டான். நான் பதினொன்றரைக்கே உத்தமபாளையம் கிளம்பியிருந்தேன். இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. அவனைத் தூக்கியபோது மயங்கி விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்த உனக்கு மூன்று நாள் கழித்து மயக்கம் தெளிந்தபோது அந்த நாளே உன் நினைவில் இல்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

கவனம் தவறுவது மனித இயல்பு அக்கா. அதை நீ ஏற்றுக்கொண்டால் போதும்.

ஏப்ரல் 12 அன்று உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் பேச வருகிறேன். பயிற்சி முடித்தவள் என்ற முறையில் மேடையில் உனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். உன் கதை பலருக்கு உதவும். ஒவ்வொரு கடிதத்திலும் உன் குற்றவுணர்வுக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் போட வேண்டும். மறந்துவிடாதே.

அமைதியுடன்,
ராஜு

•

ராயப்பன்பட்டி
15.1.2025

அன்புள்ள தம்பி ராஜுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே சுகம். உன் சுகத்துக்குக் கேட்கிறேன். கடிதத்தின் தலையில் சிலுவையைத் தேடாதே, அது போடுகிற பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது.

பத்துக்குப் பத்து. பதினொன்று போட நீ இடம் விடவில்லை.

பொங்கல் போனது. யார் வீட்டுக்கும் போகவில்லை. உன் மச்சான் ரூபன் காமயகவுண்டன்பட்டியில் அவர் அண்ணன் வீட்டோடு இருக்கிறார். “நீ கண்ணத் தொறந்து வச்சிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க இரண்டு வருடமாக முயற்சி செய்கிறேன், கிடைக்கவில்லை. மத்தியான மணி அடிக்கிற நேரத்தில் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொள்கிறேன். செபம் சொல்வதில்லை.

உன் பயிற்சியில் சேருகிறேன். அமைதி வேண்டி அல்ல. நான் கண்ணை மூடியதால்தான் என் பிள்ளை போனானா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆமாம் என்றால் அதை என் நினைவிலிருந்தே தெரிந்துகொண்டு சாகிறேன். இப்போது என்னிடம் இருப்பதெல்லாம் நீ சொன்ன நினைவு.

போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
ரீட்டா

•

பெங்களூரு
24.1.2025

அன்புள்ள அக்கா,

நலம். உன் பத்தைப் பார்த்தேன். எண் கூடுதலா குறைவா என்று தீர்ப்பு வேண்டாம், அது வெறும் எண்.

காலையிலும் மாலையிலும் இருபது நிமிடம். முதுகு நேராக உட்கார். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழு, ஆறு எண்ணும்வரை வெளியே விடு. மனம் ஓடினால் திட்டாதே, கையைப் பிடித்துக் கூட்டி வா. நீ கேட்ட கேள்வி எழும்போது ‘எண்ணம்’ என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு மூச்சுக்குத் திரும்பு. கேள்விக்குப் பதில் தேடுவது இந்தப் பயிற்சியில் இல்லை. மூன்றாம் வாரம், வேலை செய்யும்போது உன் கையை மட்டும் கவனி.

வெறும் நம்பிக்கை அல்ல இது. பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைகின்றன என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. கவனத்திலும் சிறு முன்னேற்றம் வருகிறது. என்னையே பார், பன்னிரண்டு வருடமாக ஒருநாள் விட்டதில்லை. ஊருக்கு வந்தால் திராட்சைத் தோட்டத்தில்கூட உட்காருவேன், நீயே பார்த்திருக்கிறாய். உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் என் மூச்சு தடுமாறாது.

இத்துடன் ஒரே மாதிரி பன்னிரண்டு தாள் வைத்திருக்கிறேன். தாள் நிறைய எழுத்துகள். ‘ப’ வரும் இடத்தையெல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். எத்தனை தவறவிட்டாய் என்று குறித்து வை.

அமைதியுடன்,
ராஜு

•

ராயப்பன்பட்டி
9.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உனக்கு அங்கே குளிர் எப்படி இருக்கிறது?

முதல் தாளில் முப்பத்தொன்று தவறவிட்டேன். நேற்று ஒன்பது. நீ சொன்னது பொய்யில்லை. தோட்டத்தில் கவாத்து நடக்கிறது. முன்பெல்லாம் வெட்டுகிறவர்களோடு கத்திக்கொண்டே இருப்பேன், இப்போது எந்தக் கொடியில் கத்தரி தப்பாக விழப்போகிறது என்று விழுவதற்கு முன்பே கண்ணில் படுகிறது. மல்லிகைச் செடியில் எறும்பு ஏறுவதைக் கால் மணி நேரம் பார்த்தேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் வாரத்துக்குக் கையைக் கவனிக்கச் சொல்லியிருந்தாய். பாத்திரம் கழுவினேன், பூ கட்டினேன், இனியனின் சட்டைகளை மடித்தேன். கை தானாகப் போகிறது, நான் பின்னால் போகிறேன். அப்புறம் பழப்பெட்டிக்கு அடியில் விரிக்கிற செய்தித்தாளை எடுத்து ஒரு கப்பல் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. நாலு தாள் கிழிந்ததுதான் மிச்சம். மறந்துபோன வேலை என்றால் ஒரு மடிப்பாவது கைக்கு ஞாபகம் இருக்க வேண்டும் அல்லவா? ஒன்றும் இல்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாத்தாளிடம் கேட்டேன். “ஒனக்கு எப்பத்தா கப்பல் செய்யத் தெரிஞ்சது? ஒந்தம்பியில்ல புள்ளைக்குச் செஞ்சு குடுப்பாப்புல” என்றாள்.

எண்ணம் என்று பெயர் வைத்தேன். போகமாட்டேன் என்கிறது.

இந்த வாரம் பத்துக்கு ஒன்பது.

அன்பு அக்கா,
ரீட்டா

•

பெங்களூரு
16.2.2025

அன்புள்ள அக்கா,

நலம். முப்பத்தொன்றிலிருந்து ஒன்பது என்பது அருமையான முன்னேற்றம். என் உரையில் இதைச் சொல்லப்போகிறேன்.

கப்பலை அன்று காலை நான் செய்து கொடுத்திருக்கலாம், நீயே செய்திருக்கலாம், வேலைக்கு வந்தவர்கள் யாராவது செய்திருக்கலாம். ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. பொன்னாத்தாள் போன்றவர்களோடு பேச்சைக் குறை. பயிற்சிக் காலத்தில் வெளிப் பேச்சு மனதைக் கலக்கும்.

ஐந்தாம் வாரம் கேட்கும் பயிற்சி. போன் கூடாது என்பதால் பாட்டுக் கேட்கும் சிறு கருவி ஒன்றை அனுப்பியிருக்கிறேன், காதில் மாட்டிக் கேள். அதில் ஐந்து பதிவுகள் உண்டு. முதல் நான்கு மழை, கடல் என்று எல்லோருக்கும் பொதுவானவை. ஐந்தாவது உனக்காகவே. எங்கள் அலுவலகத்தில் ஞானசெல்வி என்றொரு பெண் இருக்கிறாள். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் தோட்டத்தில் பதிவு செய்து வந்த ஒலிகள் அவள் பொறுப்பில் இருக்கின்றன. ஊர்ச் சத்தம் என்றால் உனக்குப் பிடிக்கும் என்று அவளே ஒன்றைத் தேடி எடுத்து, முன்னும் பின்னும் வெட்டிப் பதினொரு நிமிடமாக்கித் தந்தாள். எல்லாவற்றையும் நான் முழுக்கக் கேட்டுச் சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன்.

அதில் கோயில் மணி வரும். பயப்படாதே. தலையணை வேண்டாம். இது மணி, இது குருவி என்று பெயர் வைக்காமல், ஓசையை வெறும் ஓசையாகக் கேள். தினமும் இரண்டு தடவை.

அமைதியுடன்,
ராஜு

•

ராயப்பன்பட்டி
2.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். ஜனவரியில் நான் செய்த கப்பல் பிப்ரவரியில் நீ செய்ததாக இருக்கலாம் என்று ஆகியிருக்கிறது. போகட்டும், மூச்சுக்குத் திரும்பிவிட்டேன்.

ஐந்தாவது பதிவை இதுவரை இருபத்திரண்டு தடவை கேட்டிருக்கிறேன். முதல் நாள் மணி தொடங்கியதும் கருவியைக் கழற்றி வீசினேன். மறுநாள் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டுக் கேட்டேன். நாலாம் நாள் மணி முழுவதையும் கேட்க முடிந்தது. உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பெயர் வைக்காதே என்றாய். மன்னித்துக்கொள், இந்த ஊரில் பிறந்தவளுக்கு மணியைப் பெயரில்லாமல் கேட்க வராது. முதலில் மூன்று மூன்றாக அடிப்பது மூவேளை செபத்துக்கான மத்தியான மணி. அது முடிந்த கையோடு ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி அடிப்பது துக்க மணி. ஊரில் யாரோ இறந்திருக்கிறார்கள். உனக்கு இரண்டும் ஒரே மணியாகக் கேட்டிருக்கும் போலிருக்கிறது, ஊரை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது.

ஏழாம் நிமிடம், துக்க மணிக்கு அடியில், இன்னொரு சத்தம் இருக்கிறது. நீ சொன்னபடி அதற்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. நீதான் முழுக்கக் கேட்டிருக்கிறாயே, அது என்ன என்று எழுது.

இந்த வாரம் ஆறு.

அன்பு அக்கா,
ரீட்டா

•

பெங்களூரு
18.3.2025

அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, வெளியூர் வேலை.

ஐந்தாவது பதிவை இனிக் கேட்காதே. அது தவறுதலாக வந்த பழைய பதிப்பு. கருவியைக் கூரியரில் உடனே திருப்பி அனுப்பு. ஊரில் மத்தியான மணியும் சாவும் எத்தனையோ நாள் சேர்ந்து வரும். அதற்கு ஒரு தேதியைப் பூட்டிப் பார்க்காதே.

அறிவியலில் உள்ள ஒன்றை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஓர் ஆய்வில் சிலரைப் பதினைந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டு நினைவைச் சோதித்தார்கள். பட்டியலில் இல்லாத சொல்லை இருந்ததாகச் சொல்வது அவர்களிடம் கூடியிருந்தது. உள்ளே தோன்றியது எது, வெளியே நடந்தது எது என்று பிரிக்கிற கோடு அவர்களுக்கு மங்கிவிடுகிறதாம். ஆக, நீ எதைக் கேட்டதாக நினைக்கிறாயோ அதை உன் மனம் செய்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உன்னைக் குறை சொல்லவில்லை.

தேனியில் எனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் ஒருவரிடம் பேசிவிட்டேன். இனியன் போனபோது நீ சாப்பிட்ட மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும் என்கிறார். கருவி கைக்கு வந்ததும் நாள் குறிக்கிறேன்.

ராஜு

•

ராயப்பன்பட்டி
22.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீ நலம் விசாரிக்க மறந்துவிட்டாய், அதனால் கேட்காமலே சொல்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

நீ சொல்வது சரியாக இருக்கலாம். நான் பத்தாவது படித்தவள், நீ மனதை அளக்கிறவன். இல்லாததைக் கேட்கிற காதாக என் காது இருந்தால் மாத்திரை சாப்பிடத் தயார்.

ஒன்று மட்டும் செய். கருவியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஐந்தாவது பதிவை ஏழு நாள், தினம் இரண்டு தடவை, எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே முதுகு நேராக உட்கார்ந்து கேள். கேட்டதை உன் கையால் எழுது. பன்னிரண்டு வருடப் பயிற்சி உள்ள காதுக்கு ஏழாம் நிமிடத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றால் நான் நம்புகிறேன். 12ஆம் தேதி மேடைக்கு வந்து, கண்ணை மூடி என் பிள்ளையை விட்டுவிட்டேன் என்று ஊர் முன்னால் சொல்கிறேன். அதைச் சொன்னால் உன் உரைக்கும் பலம்.

இந்த வாரம் எண் போடவில்லை. உன் பதில் வந்ததும் போடுகிறேன்.

அன்பு அக்கா,
ரீட்டா

•

பெங்களூரு
2.4.2025

அன்புள்ள அக்கா,

நலம், உன் நலம் அறிய ஆவல். நீ நம்பிக்கையோடு ஒன்றைக் கேட்டாய், அதை நிறைவேற்றிவிட்டேன். ஏழு நாள், காலையும் மாலையும், பதினான்கு தடவை. ஒரு நொடி விடாமல் கேட்டேன்.

மணி இருக்கிறது. குருவி இருக்கிறது. பின்னால் மோட்டார் ஓடுகிறது. ஏழாம் நிமிடத்தில் இரண்டு தென்னை மட்டை உரசுகிற சத்தம், அவ்வளவுதான். எந்தக் குழந்தையும் பேசவில்லை. ‘மாமா’ என்று யாரும் கூப்பிடவில்லை. தண்ணீரில் எதுவும் விழவில்லை. உன் வேதனை அந்தச் சத்தங்களை உண்டாக்கியிருக்கிறது. இதை ஏற்றுக்கொள்கிற நாளில் உனக்கு நிம்மதி வரும்.

வாக்குப்படி மேடைக்கு வா. வெள்ளைச் சேலை வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை தருகிற நிறமாகக் கட்டு. மச்சானுக்கும் அழைப்பு அனுப்பிவிட்டேன், அவர் எதிரிலேயே நீ மனம் திறந்தால் உங்கள் உறவுக்கும் நல்லது.

அமைதியுடன்,
ராஜு

•

†

ராயப்பன்பட்டி
7.4.2025

அன்புள்ள தம்பி ஆண்டனி ராஜுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகம். நீயும் அவ்விதமே இருக்க வேண்டும், 12ஆம் தேதி வரைக்குமாவது.

நான் உனக்கு அனுப்பிய கருவியில் ஐந்தாவது பதிவு இல்லை. உத்தமபாளையத்தில் ஒரு செல்போன் கடையில் கொடுத்து மூன்று பிரதி எடுத்துக்கொண்டு, கருவியில் இருந்ததை அழித்துவிட்டுச் சத்தமில்லாத பதிவு ஒன்றை வைக்கச் சொன்னேன். அந்த இடத்தில் பதினொரு நிமிடம் ஒன்றுமே கிடையாது. அதைத்தான் நீ பதினான்கு தடவை ஒரு நொடி விடாமல் கேட்டிருக்கிறாய்.

காலியாக இருக்கிறதே அக்கா என்று நீ எழுதியிருந்தால், காதில் எடுத்து மாட்டவாவது செய்தான் என்று நினைத்திருப்பேன். உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்றும் நினைத்திருந்தேன். அதற்கு நீ இடம் வைக்கவில்லை.

இன்னொன்று. என் கடிதங்களை எடுத்துப் பார். இன்னொரு சத்தம் என்று எழுதினேனே தவிர, குழந்தை என்று எழுதவில்லை. ‘மாமா’ என்று எழுதவில்லை. தண்ணீர் என்று எழுதவில்லை. இல்லை இல்லை என்று மூன்றையும் நீயாகவே எண்ணிக் கொடுத்திருக்கிறாய். அந்தச் சத்தம் உனக்கு நான் அனுப்பிய கருவியில் கேட்டதல்ல தம்பி, அன்றைக்கே கேட்டது.

மார்ச் மாதமே, கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். “மத்தியான மணி அடிச்ச கையோட துக்க மணி அடிச்சது அந்த ஒரு நாளுதான் ஆத்தா. பிலவேந்திரன் வாத்தியார் செத்துட்டாருன்னு அவுக வீட்டுல இருந்து வந்து நின்னாக, நானும் கயித்த விடாம அடிச்சேன். அன்னிக்குத்தான ஒம்புள்ளையும் போனான்” என்றார். இதை உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். நீ பதினொன்றரைக்கே கிளம்பிவிட்டாய், ஆனால் உன் போன் மட்டும் பன்னிரண்டு மணிக்குத் தொட்டிச் சுவரில் இருந்து பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறது.

பதிவில் என்ன இருக்கிறது என்று இப்போது பெயர் வைத்துச் சொல்கிறேன். இரண்டாம் நிமிடம், மணி தொடங்குவதற்குச் சற்று முன்னால், தூரத்தில் என் குரல். “ராஜு, புள்ளயப் பாத்துக்க. செபஞ் சொல்லிட்டு வந்துர்றேன்.” பக்கத்தில் உன் குரல், “சரிக்கா.” அப்புறம் மத்தியான மணி. அப்புறம் துக்க மணி. துக்க மணி கேட்டால் இறந்தவருக்காகவும் ஒரு செபம் சொல்வது நம் வழக்கம், அதனால் அன்று நான் கொஞ்சம் கூடுதலாகவே கண்ணை மூடி நின்றிருக்கிறேன். ஏழாம் நிமிடம் இனியன், “மாமா, கப்பல் முழுகுது மாமா.” மணி ஒன்று. “மாமா.” மணி ஒன்று. பிறகு தண்ணீர்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கிறது. போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடைய மூச்சு. நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. எட்டு வாரம் அதே கணக்கில் மூச்சு விட்டவள் நான், எனக்குத் தெரியாதா? என் பிள்ளை கூப்பிட்டபோதும் அது தடுமாறவில்லை. விழுந்த பிறகும், நான் நிறுத்தி நிறுத்தி எண்ணினேன், பன்னிரண்டு மூச்சு அதே நிதானத்தில் போகிறது. நீ பெருமையாக எழுதியது சத்தியம்.

நீயும் கண்ணை மூடியிருந்தாய். அன்றைக்கே அதைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதிருப்போம். நீ என்னை உட்காரவைத்து, உன் குற்றத்தை என் நினைவாக எனக்கே சொல்லிக்கொடுத்தாய். பிறகு அதற்கு எண் போடச் சொன்னாய்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். ரூபன் மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஒன்னைய என்னென்ன சொல்லிட்டேன் ரீட்டா” என்றார். அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பஸ் வந்தது, ஏறி வந்துவிட்டேன்.

12ஆம் தேதி வருகிறேன். பச்சைச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். ரூபனும் வருகிறார், முதல் வரிசையில் உட்காருவார். கல்லூரியில் மைக் செட் பார்க்கிறவர் அவருக்குச் சொந்தம், ஒரு பிரதி அவரிடம் போய்விட்டது. எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறாய். பதிவு பதினொரு நிமிடம். ஒரு நிமிடம் கூட்டிக் கொடு. நீ வராமல் இருந்துவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. உன் கையால் எழுதிய ஐந்து கடிதங்களும் மூன்றாவது பிரதியோடு பீரோவில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகிறோம்.

இன்று மத்தியானம் மணி அடித்தபோது தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணை மூடி மூவேளை செபம் முழுவதும் சொன்னேன்.

பாக்கி வைத்த எண்ணை இப்போது போட்டுவிடுகிறேன். எனக்குப் பூஜ்யம். மிச்சம் பத்தும் உனக்கு.

மேடையில் அந்தப் பதினொரு நிமிடமும் முதுகை நேராக வைத்து மூச்சைக் கவனி தம்பி. நீ தீர்ப்பு சொல்ல வேண்டாம். அதைச் சொல்ல எதிரே ஆட்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
இனியனின் அம்மா